முக்கியக் கனிமச் சுரங்கங்களில் முதலீடு: அரசின் கால அட்டவணையைப் படிக்கும் முறை

"இன்ன மாநிலத்தில் உள்ள இன்ன கனிமத் தொகுதிக்கு எங்கள் நிறுவனம் முன்னுரிமை ஏலதாரராக அறிவிக்கப்பட்டுள்ளது" என்று ஒரு நிறுவனம் பங்குச்சந்தைக்குத் தெரிவித்தவுடன், அதன் கையில் ஒரு சுரங்கமே வந்துவிட்டதாகப் புதிய முதலீட்டாளர்கள் பலர் எடுத்துக்கொள்கின்றனர். அந்த அறிவிப்பு வெளியாகும் நாளுக்கும், முதல் டன் தாது லாரியில் ஏறும் நாளுக்கும் இடையே பல ஆண்டுகள் கிடக்கின்றன. உலக அளவில் 2010 முதல் 2019 வரை உற்பத்தியைத் தொடங்கிய பெரிய சுரங்கங்களைப் பன்னாட்டு எரிசக்தி முகமை கணக்கிட்டுப் பார்த்தபோது, படிவு கண்டறியப்பட்டதிலிருந்து முதல் உற்பத்தி வரை சராசரியாக 16 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. இந்தியாவில் லித்தியம், டங்ஸ்டன், கிராஃபைட், அருமண் தனிமங்கள் (அரிய மண் உலோகங்கள்) போன்ற முக்கியக் கனிமங்களின் தொகுதிகளை மத்திய அரசு ஏலம் விடுவதே 2023 நவம்பரில்தான் தொடங்கியது என்பதால், இங்கு நம்பத்தக்க சராசரி என்று ஒன்று இன்னும் உருவாகவில்லை. ஆகவே ஒவ்வொரு தொகுதியின் நிலையையும் முதலீட்டாளர் தாமே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கான வழியைப் படிப்படியாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்; எந்தப் பங்கையும் வாங்கவோ விற்கவோ இது பரிந்துரைக்கவில்லை.

தொடங்குமுன் ஒரு கேள்வியை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. அரசு சொல்லும் எந்தத் தேதியைக் கண்டாலும், "இந்தத் தேதி தவறினால் இழப்பு யாருக்கு?" என்று கேட்டுப் பார்க்க வேண்டும். சில கெடுக்கள் நிறுவனத்தைக் கட்டுப்படுத்துபவை. அவை தவறினால் குத்தகையே போய்விடும். சில கெடுக்கள் அரசு அலுவலகங்களுக்கு விதிக்கப்பட்டவை. அவை தவறினால் அந்த அலுவலகத்துக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை, காத்திருக்கும் நிறுவனத்துக்குத்தான் வட்டி ஏறுகிறது. இன்னும் சில தேதிகள் வெறும் இலக்கு ஆண்டுகள். அவை தவறினால் அடுத்த பட்ஜெட் உரையில் புதிய இலக்கு ஆண்டு வந்துவிடும். இந்த மூன்றையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடுவதுதான் இத்துறைக்குப் புதிதாக வருவோரிடம் மிகுதியாகக் காணப்படும் குறை.

முதல் படி: எதை யார் தருகிறார் என்று தெரிந்துகொள்ளுதல்

சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் (மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறை) சட்டம் 1957-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 2015-இல் ஏல முறை அதில் நுழைந்தது. 2023 ஆகஸ்ட் 17 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், 24 முக்கியக் கனிமங்களின் தொகுதிகளை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு மட்டும் உரியதாக்கியது. ஆனால் ஏலத் தொகையும், தோண்டிய கனிமத்துக்கான கட்டணமாகிய ராயல்டியும் மாநில அரசுக்கே செல்கின்றன. அதைவிட முக்கியமாக, ஏலம் முடிந்தபின், நிபந்தனைகளை நிறைவேற்றினால் உரிமம் தருவதாகக் கூறும் உத்தேசக் கடிதம் வழங்குவதும், உரிமத்திலும் குத்தகைப் பத்திரத்திலும் கையெழுத்திடுவதும் மாநில அரசின் வேலை. ஏலத்தின் தேதியை டெல்லி தீர்மானிக்கிறது, அதற்குப் பிந்தைய தேதிகளைச் சென்னையோ ராய்ப்பூரோ போபாலோ தீர்மானிக்கின்றன. இரு இடங்களிலும் ஆட்சி செய்யும் கட்சிகள் எவை, அவற்றுக்கிடையே உறவு எப்படி, அடுத்த சட்டமன்றத் தேர்தல் எப்போது என்பதெல்லாம் இந்தத் துறையில் அரசியல் அரட்டைக்கான விஷயங்கள் அல்ல, முதலீட்டுக் கணக்கின் உள்ளீடுகள்.

எல்லாக் கனிமங்களும் இந்த ஏலத்துக்குள் வந்துவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அருமண் தனிமங்களும் தோரியமும் அடங்கிய மோனசைட் என்ற கனிமம் கலந்த கடற்கரை மணல் அரசு நிறுவனங்களுக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் ஆலை நடத்தும் மத்திய அரசின் ஐஆர்இஎல் நிறுவனம் பங்குச்சந்தையில் பட்டியலிடப்படவில்லை. அருமண் தனிமங்கள் பற்றிய பரபரப்பான செய்தியைப் படித்துவிட்டு எந்தப் பங்கை வாங்குவது என்று தேடுவோர், அந்தச் செய்தியின் பலன் பட்டியலிடப்பட்ட நிறுவனம் எதையேனும் சென்றடைகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளட்டும்.

இரண்டாம் படி: தொகுதி எந்த ஆய்வு நிலையில் ஏலத்துக்கு வந்தது என்று பார்த்தல்

ஏல ஆவணத்தில் ஜி4, ஜி3, ஜி2, ஜி1 என்ற குறியீடுகள் இருக்கும். ஜி4 என்பது முதல்நிலைத் தேடல். கனிமம் இருக்கக்கூடும் என்பதற்கான அறிகுறிகள் மட்டுமே கிடைத்திருக்கும் நிலை. ஜி1 என்பது நெருக்கமாகத் துளையிட்டு அளவும் தரமும் விரிவாகக் கணிக்கப்பட்ட நிலை. ஜி2 வரை ஆய்வு முடிந்திருந்தால் நேரடியாகச் சுரங்கக் குத்தகை ஏலம் விடப்படும். அதற்குக் கீழே இருந்தால் கூட்டு உரிமம்தான் கிடைக்கும். அதாவது, ஏலத்தில் வென்ற நிறுவனம் முதலில் தன் செலவில் ஆய்வு நடத்தி ஜி2 நிலையை எட்ட வேண்டும். அதன்பிறகே குத்தகை கேட்க முடியும். இந்த ஆய்வுக்குச் சட்டம் பொதுவாக மூன்று ஆண்டுகள் தருகிறது, நீட்டிப்புடன் ஐந்து ஆண்டுகள் வரை போகலாம். "கூட்டு உரிமம்" என்ற சொல்லைக் கண்டவுடன் வருவாய்க் கணிப்பில் குறைந்தது மூன்று ஆண்டுகளைச் சேர்த்துக்கொள்வதுடன், அந்த ஆய்வின் முடிவில் தோண்டத்தக்க எதுவுமே கிடைக்காமல் போகும் வாய்ப்புக்கும் இடம் விட வேண்டும்.

ஜம்மு காஷ்மீரின் ரியாசி மாவட்டத்தில் உள்ள சலால்-ஹைம்னா பகுதி இதற்கு நல்ல பாடம். 59 லட்சம் டன் லித்தியம் தாது இருப்பதாக 2023 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தபோது, இந்தியா லித்தியம் வல்லரசாகிவிட்டது என்ற தொனியில் தலைப்புகள் எழுதப்பட்டன. அந்த அளவு ஜி3 நிலையில் ஊகித்துச் சொல்லப்பட்டது. லித்தியமாக அல்லாமல் தாதுவாகக் கணக்கிடப்பட்டது. அதுவும் களிமண் சார்ந்த படிவு, அதிலிருந்து வணிக அளவில் லித்தியம் பிரித்தெடுக்கும் முறை உலகில் எங்கும் நன்கு வேரூன்றவில்லை. 2023 நவம்பர் 29 அன்று தொடங்கிய முதல் சுற்றில் ஏலத்துக்கு வந்த 20 தொகுதிகளில் இதுவும் ஒன்று. தகுதியுள்ள ஏலதாரர்கள் போதிய அளவில் வராததால் 2024 மார்ச்சில் அச்சுற்றின் 13 தொகுதிகளுக்கான ஏலம் ரத்தானது, ரியாசியும் அவற்றில் அடங்கும். இரண்டாம் முறையும் ஏலத்துக்கு வந்து, மறுபடியும் ரத்தானது. பெரிய சுரங்க நிறுவனங்கள் ஏன் ஒதுங்கின என்பதை அறிய ரகசியத் தகவல் எதுவும் தேவைப்படவில்லை. யாரும் இறக்கிக்கொள்ளக்கூடிய ஏல ஆவணத்தின் ஆய்வு நிலைப் பக்கமே போதுமானதாக இருந்தது.

விதிப்படி, முதல் முயற்சியில் தொழில்நுட்பத் தகுதி பெற்ற ஏலதாரர்கள் மூவருக்குக் குறைந்தால் ஏலம் ரத்தாகும். இரண்டாம் முயற்சியில் மூவருக்குக் குறைவாக இருந்தாலும் தொடரலாம். ஒரு நிறுவனம் வென்ற தொகுதி இரண்டாம் முயற்சியில் விற்கப்பட்டதா என்று பார்ப்பது பயனுள்ளது. போட்டி குறைவாக இருந்ததால் மலிவாகக் கிடைத்திருக்கலாம், மற்றவர்கள் வேண்டாமென ஒதுக்கிய சரக்காகவும் இருக்கலாம். இவற்றில் எது உண்மை என்று நிர்வாகத்திடம் கேட்க முதலீட்டாளருக்கு உரிமை உண்டு.

மூன்றாம் படி: "முன்னுரிமை ஏலதாரர்" என்ற நிலையைச் சரியாக எடைபோடுதல்

நிலம் வாங்கும்போது விலை பேசி முடித்து, முன்பணமும் கொடுத்து, பத்திரப்பதிவு மட்டும் நடக்காத நிலையை நம்மில் எல்லோரும் அறிவோம்; முன்னுரிமை ஏலதாரர், அதாவது ஏலத்தில் வென்றவர், நிற்பது ஏறத்தாழ அங்கேதான். அதற்குப் பிறகு மாநில அரசின் உத்தேசக் கடிதம், பணியை முடிப்பதற்கு ஈடாகக் கட்டும் செயலுறுதித் தொகை, கூட்டு உரிமம் அல்லது சுரங்கத் திட்ட ஒப்புதல், அனுமதிகள், குத்தகைப் பத்திரம் என்று வரிசை நீள்கிறது. குத்தகை கையெழுத்தானபின் கிடைக்கும் காலம் 50 ஆண்டுகள் என்பது கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் பத்திரம் கையெழுத்தான இரண்டு ஆண்டுகளுக்குள் சுரங்கப் பணி தொடங்காவிட்டால் குத்தகை காலாவதியாகும் என்ற விதியும் அதே சட்டத்தில் இருக்கிறது. மாநில அரசு ஒருமுறை, ஓராண்டு வரை நீட்டிக்கலாம். இது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் கெடு. 2025 அக்டோபரில் ஏல விதிகளில் செய்யப்பட்ட திருத்தம், உத்தேசக் கடிதத்துக்கும் குத்தகைக்கும் இடைப்பட்ட பணிகளுக்கும் இடைக்காலக் கெடுக்களை விதித்து, தாமதத்துக்கு அபராதத்தையும் விரைவுக்கு ஊக்கத்தையும் சேர்த்திருக்கிறது. ஏலத்தில் வென்றுவிட்டு விலை ஏறும்வரை சும்மா வைத்திருக்கலாம் என்ற பழைய கணக்கு இனி செல்லாது. கடன் சுமை மிகுந்த நிறுவனம் ஒன்று ஒரே ஆண்டில் நான்கைந்து தொகுதிகளை எடுத்திருந்தால், இந்தக் கெடுக்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் பணம் கேட்கும்.

மதுரை மாவட்டம் மேலூர் பகுதியின் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதியைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழ் வாசகர்கள் அதைப் போராட்டச் செய்தியாக அறிவார்கள், ஆனால் முதலீட்டுக் கால அட்டவணையாகப் படித்துப் பார்த்தவர்கள் குறைவு. 2015.51 ஹெக்டேர் பரப்புள்ள அத்தொகுதியின் ஏல நடைமுறை 2024 பிப்ரவரியில் தொடங்கியது. நவம்பர் 7 அன்று ஹிந்துஸ்தான் ஸிங்க் முன்னுரிமை ஏலதாரராக அறிவிக்கப்பட்டது. டிசம்பர் 9 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் ஏலத்தை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. டிசம்பர் 24 அன்று, தொகுதிக்குள் இருந்த அரிட்டாபட்டி பல்லுயிர் பாரம்பரியத் தலத்தை விலக்கி எல்லையை மறுபரிசீலனை செய்யுமாறு இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தைக் கேட்டுக்கொண்ட மத்தியச் சுரங்க அமைச்சகம், உத்தேசக் கடிதம் வழங்குவதை நிறுத்திவைக்குமாறு மாநில அரசிடமும் கூறியது. எல்லையைக் குறைத்தால் போதாது, முழுத் தொகுதியும் கைவிடப்பட வேண்டும் என்று ஊர்மக்கள் உறுதியாக நின்றனர். 2025 ஜனவரி 7 அன்று ஆயிரக்கணக்கானோர் மதுரையை நோக்கிப் பேரணியாகச் சென்றனர். ஜனவரி 23 அன்று ஏலம் முழுமையாக ரத்து செய்யப்பட்டது. முன்னுரிமை ஏலதாரர் என்ற நிலை நீடித்தது பதினொரு வாரங்கள்.

இந்த வரிசையில் முதலீட்டாளர் கற்க வேண்டியது, மக்கள் எதிர்ப்பு திடீரென்று முளைக்கும் என்பதல்ல. அரிட்டாபட்டி 2022 நவம்பரிலேயே தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. சுமார் 193 ஹெக்டேர் கொண்ட அப்பகுதி தொகுதியின் எல்லைக்குள் வந்தது. சமணப் படுகைகள், தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, குடைவரைக் கோயில், நீர்நிலைகள் என அங்குள்ளவை எல்லாம் அரசு ஆவணங்களிலேயே பதிவானவை. 2023 அக்டோபரிலேயே, ஏல அதிகாரத்தை மத்திய அரசு எடுத்துக்கொண்டதற்கு ஆட்சேபம் தெரிவித்து மாநில அரசு கடிதம் எழுதியிருந்தது. ஆக, ஏலம் தொடங்குவதற்கு முன்பே எதிர்ப்பின் மூன்று காரணங்களும் பொதுவெளியில் இருந்தன. தொகுதி வரைபடத்தையும் பாதுகாக்கப்பட்ட பகுதிகளின் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்ப்பதற்கு ஒரு மாலை நேரம் போதும். ஹிந்துஸ்தான் ஸிங்கின் வருவாய் துத்தநாகத்திலிருந்தும் வெள்ளியிலிருந்தும் வருவதால், இந்த ஒரு தொகுதி போனது அதன் வாழ்வா சாவா பிரச்சினை ஆகவில்லை. ஒரே ஒரு தொகுதியை நம்பி நிற்கும் சிறு நிறுவனமாக இருந்திருந்தால் நிலைமை வேறு.

நான்காம் படி: அனுமதிகளின் காலத்தைக் கணக்கிடுதல்

2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, இறுதி அறிக்கை கிடைத்தபின் நிபுணர் குழு 60 நாட்களில் ஆராய வேண்டும், அடுத்த 45 நாட்களில் முடிவு சொல்ல வேண்டும் என்று கூறுகிறது. நிறுவனங்களின் விளக்கப் படங்களில் இந்த 105 நாட்கள் பெரிய எழுத்தில் இருக்கும். ஆனால் அந்த நாட்கள் எண்ணப்படத் தொடங்குவது முழுமையான அறிக்கை சமர்ப்பிக்கப்பட்ட பிறகு. அதற்கு முன், எவற்றையெல்லாம் ஆராய வேண்டும் என்று அரசு வகுக்கும் ஆய்வு வரம்புகளைப் பெற வேண்டும். அதன்பின் மழைக்காலம் அல்லாத ஒரு பருவம் முழுவதும் காற்று, நீர், மண், ஒலி ஆகியவற்றின் தரவைத் திரட்ட வேண்டும். வரம்புகள் ஜூன் மாதத்தில் கிடைத்தால், தென்மேற்குப் பருவமழை ஓயும்வரை தரவு திரட்டும் பணி காத்திருக்கும். குழு கூடுதல் விவரம் கேட்டால் நாட்கணக்கு மீண்டும் தள்ளிப்போகும். அறிவிக்கை சொல்லும் 105 நாட்கள் அரசு அலுவலகத்துக்கான கெடு என்பதையும், அது தவறினால் இழப்பு யாருக்கு என்பதையும் வாசகர் இப்போது தாமே சொல்லிவிடுவார்.

வன நிலம் கலந்திருந்தால் கணக்கு இன்னும் நீளும். முதல் கட்டமாகக் கொள்கையளவிலான ஒப்புதல், நிபந்தனைகளை நிறைவேற்றியபின் இரண்டாம் கட்ட ஒப்புதல், வன உரிமைச் சட்டப்படி கிராம சபைகளின் நிலைப்பாடு, ஈடுசெய் காடு வளர்ப்புக்கான நிலம் என்று ஒவ்வொன்றும் மற்றொன்றுக்காகக் காத்திருக்கும். சத்தீஸ்கர், ஒடிசா, மத்தியப் பிரதேசம் போன்ற மாநிலங்களின் தொகுதிகளில் வன நிலத்தின் விழுக்காடு எவ்வளவு என்பதை ஏலச் சுருக்க ஆவணத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். எனது கணிப்பில், ஆய்வு நிலைக்கு அடுத்தபடியாகக் காலத்தைத் தீர்மானிக்கும் எண் இதுதான். பங்குத் தரகு நிறுவனங்களின் அறிக்கைகளில் அது அரிதாகவே இடம்பெறுகிறது.

2025 செப்டம்பர் 8 அன்று மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம், அணுக் கனிமங்கள் மற்றும் முக்கியக் கனிமங்களுக்கான சுரங்கத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு அளித்து, அவற்றை மத்திய அளவிலேயே பரிசீலிக்க ஆணையிட்டது. சந்தையில் இதைப் பெரிய நன்மையாகக் காண்போர் உண்டு. தாளில் சில மாதங்கள் குறைவது உண்மைதான். ஆனால் ஊர்மக்களின் ஆட்சேபம் கருத்துக்கேட்புக் கூட்டத்தோடு பிறந்து அதோடு மறைவதில்லை. அந்த மேடை இல்லாதபோது அது சாலைக்கும் சட்டமன்றத்துக்கும் நீதிமன்றத்துக்கும் செல்லும். நாயக்கர்பட்டி விவகாரம் கருத்துக்கேட்புக் கட்டத்தை எட்டவே இல்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். முன்கூட்டியே தெரிந்துவிடும் தாமதத்தைவிட, பணம் கொட்டிய பிறகு வரும் தடையாணை முதலீட்டாளருக்கு அதிகச் செலவு வைக்கிறது. விலக்கு கிடைத்த திட்டங்களுக்கு நான் காலத்தைக் குறைத்துப் போடமாட்டேன், நிச்சயமின்மையைத்தான் கூட்டுவேன்.

அனுமதி விண்ணப்பங்களின் நிலையைப் பரிவேஷ் இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். நிபுணர் குழுக் கூட்டங்களின் குறிப்புகளும் அங்கே கிடைக்கும். "அனுமதிகள் இறுதிக் கட்டத்தில் உள்ளன" என்று காலாண்டு உரையாடலில் ஒரு நிர்வாகம் சொன்னால், விண்ணப்பம் பதிவாகியிருக்கிறதா என்பதையே முதலில் அங்கே தேடிப் பாருங்கள்.

ஐந்தாம் படி: ஆண்டுகளை ரூபாயாக மாற்றுதல்

தாமதம் என்பதை வெறும் எரிச்சலாகக் கருதாமல் எண்ணாக மாற்ற வேண்டும். ஆண்டுக்கு 12 விழுக்காடு எதிர்பார்ப்பு வீதத்தில், ஆறாம் ஆண்டில் கையில் வரும் 100 ரூபாயின் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 51 ரூபாய். அதே 100 ரூபாய் ஒன்பதாம் ஆண்டில் வந்தால் இன்றைய மதிப்பு சுமார் 36 ரூபாய். தாதுவின் அளவும் தரமும் விலையும் மாறவில்லை. மூன்று ஆண்டுத் தாமதம் மட்டும் மதிப்பில் 29 விழுக்காட்டைத் தின்றுவிட்டது. இடையில் செலுத்திய வட்டியையும் அலுவலகச் செலவையும் இதில் நான் சேர்க்கவில்லை.

இதனுடன் ஏலத் தொகையைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். சத்தீஸ்கரின் கட்கோரா லித்தியம் மற்றும் அருமண் தொகுதியை 2024 ஜூனில் மைக்கி சவுத் மைனிங் நிறுவனம் 76.05 விழுக்காடு என்ற ஏலத் தொகைக்கு எடுத்தது. அனுப்பப்படும் கனிமத்தின் மதிப்பில் அந்த விழுக்காடு மாநில அரசுக்குச் செல்லும், ராயல்டி தனி. மீதமுள்ள கால் பங்குக்குள்தான் தோண்டும் செலவு, பிரித்தெடுக்கும் செலவு, வட்டி, லாபம் அனைத்தும் அடங்க வேண்டும். இவ்வளவு மெல்லிய இடைவெளி உள்ள திட்டத்தில் ஓராண்டுத் தாமதமும் கணக்கைப் புரட்டிவிடும். ஆகவே, பத்து விழுக்காட்டுக்கு எடுத்த தொகுதியையும் எழுபது விழுக்காட்டுக்கு எடுத்த தொகுதியையும் ஒரே தாமத அனுமானத்துடன் மதிப்பிடுவது பிழை.

சட்டம், வரி ஆகியவற்றின் காலமும் இங்கே குறுக்கிடுகிறது. 2023 ஆகஸ்டில் சட்டத் திருத்தம் வந்தது. லித்தியத்துக்கு 3 விழுக்காடு, அருமண் தனிமங்களுக்கு 1 விழுக்காடு என்று ராயல்டி அக்டோபரில் முடிவானது. ஏலம் நவம்பரில் தொடங்கியது. ராயல்டி தனியாக நிர்ணயிக்கப்படாத கனிமங்களுக்குச் சராசரி விற்பனை விலையில் 12 விழுக்காடு என்ற பொது வீதம் பொருந்தும் என்பதால், இந்த வரிசை தற்செயலானதன்று. டங்ஸ்டன், கோபால்ட், வனேடியம் உள்ளிட்ட 12 கனிமங்களுக்கு 2024 பிப்ரவரி இறுதியில் ராயல்டி அறிவிக்கப்பட்டதும் இதே காரணத்தால்தான். ராயல்டி அறிவிப்பு வருவது, அக்கனிமத்தின் ஏலம் நெருங்குகிறது என்பதற்கான நல்ல அறிகுறி. மாறாக, 2024 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, ராயல்டி ஒரு வரியல்ல என்றும் கனிம உரிமைகள்மீது மாநிலங்கள் வரி விதிக்கலாம் என்றும் கூறி, தமிழ்நாட்டு வழக்கொன்றில் 1989-இல் வழங்கப்பட்ட இந்தியா சிமெண்ட்ஸ் தீர்ப்பை மாற்றியது. 2005 ஏப்ரல் முதலான நிலுவையையும் தவணைகளில் கேட்கலாம் என்று ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. தமிழ்நாட்டில் கனிம வள நில வரிச் சட்டம் 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 50 ஆண்டுக் குத்தகையில் இப்படிப்பட்ட மாற்றம் ஒருமுறையேனும் வரும் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போட வேண்டும்.

ஆறாம் படி: விலையின் ஓட்டத்தோடும் பிற நாடுகளின் தேதிகளோடும் ஒப்பிடுதல்

சீனச் சந்தையில் லித்தியம் கார்பனேட்டின் விலை 2022 நவம்பரில் டன்னுக்கு 6 லட்சம் யுவானை நெருங்கியது. 2024-இன் தொடக்கத்தில் ஒரு லட்சம் யுவானுக்குக் கீழே கிடந்தது. இந்தியச் சட்டத் திருத்தமும் முதல் ஏலமும் நடந்தது இந்த வீழ்ச்சியின் நடுவில். விலை உச்சத்தில் இருக்கும்போது அரசுகள் திட்டம் தீட்டத் தொடங்குகின்றன. அத்திட்டம் ஏலமாக மாறும்போது விலை சரிந்திருக்கிறது. உற்பத்தி தொடங்கும் ஆண்டில் விலை எங்கிருக்கும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. இன்றைய விலையைப் பத்து ஆண்டுகளுக்கு அப்பால் அப்படியே ஒட்டிவைத்த கணிப்புகளை ஐயத்துடன் படியுங்கள்.

பிற நாடுகள் தம் தேதிகளை முன்னும் பின்னும் நகர்த்துவது அந்த விலையை மேலும் குலைக்கிறது. 2022-இல் நடைமுறைக்கு வரவேண்டிய நிக்கல் தாது ஏற்றுமதித் தடையை 2020 ஜனவரிக்கே கொண்டுவருவதாக இந்தோனேசியா 2019 செப்டம்பரில் அறிவித்தது. அதை நம்பி ஒப்பந்தம் போட்டிருந்தோருக்குக் கிடைத்தது நான்கு மாத அவகாசம். காங்கோ ஜனநாயகக் குடியரசு 2025 பிப்ரவரியில் கோபால்ட் ஏற்றுமதியை நான்கு மாதங்களுக்கு நிறுத்தியது, ஜூனில் மேலும் மூன்று மாதங்கள் நீட்டித்தது, அக்டோபர் 16 முதல் ஒதுக்கீட்டு முறைக்கு மாறியது. 2025 ஏப்ரலில் ஏழு அருமண் தனிமங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு விதித்தபோது இந்திய வாகன ஆலைகள் காந்தத் தட்டுப்பாட்டைப் பற்றி முறையிட்டன. ஓர் உள்நாட்டுச் சுரங்கத் திட்டத்தின் லாபம் இத்தகைய வெளிநாட்டு ஆணைகளால் ஒரே இரவில் கூடலாம், குறையலாம்.

இலக்கு ஆண்டுகளை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். 2025 ஜனவரி 29 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த தேசிய முக்கியக் கனிம இயக்கம் 16,300 கோடி ரூபாய் செலவில் 2030-31 வரை நடக்கும்; அதற்குள் 1,200 ஆய்வுத் திட்டங்களை நடத்தப் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்கு இலக்கு தரப்பட்டிருக்கிறது. 2025-இல் கூட்டு உரிமமாக விற்கப்பட்ட தொகுதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆய்வுக்கு மூன்று ஆண்டுகள், சுரங்கத் திட்டத்துக்கும் அனுமதிகளுக்கும் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள், குத்தகைக்குப் பின் கட்டுமானத்துக்கு ஓரிரு ஆண்டுகள் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும், முதல் தாது அந்த இயக்கம் முடியும் தறுவாயில்தான், பெரும்பாலும் முடிந்தபிறகுதான் வெளிவரும். இயக்கத்தின் பணம் முதலில் சென்றடைவது ஆய்வு, மறுசுழற்சி, பதப்படுத்தல் ஆகியவற்றில் இருப்போரை. மறுசுழற்சிக்கு 1,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகை 2025 செப்டம்பரிலும், அருமண் நிரந்தரக் காந்த உற்பத்திக்கு 7,280 கோடி ரூபாய்த் திட்டம் நவம்பரிலும் ஒப்புதல் பெற்றன. காந்தத் திட்டத்தின் காலம் ஏழு ஆண்டுகள். அதில் ஆலை நிறுவ இரண்டு, ஊக்கத்தொகைக்கு ஐந்து. இப்படி முதலும் முடிவும் எழுதப்பட்ட அட்டவணை சுரங்கத்துக்குக் கிடைப்பதில்லை. பொறுமை குறைந்த முதலீட்டாளருக்கு இந்தப் பக்கம் பொருத்தமாக இருக்கலாம்.

2024 ஜூலை பட்ஜெட் 25 முக்கியக் கனிமங்களுக்கு இறக்குமதிச் சுங்க வரியை நீக்கியதையும் இதனுடன் சேர்த்துப் படிக்க வேண்டும். "கனிமத் துறைக்குச் சலுகை" என்று செய்தி வந்தது. மூலப்பொருள் வாங்கும் ஆலைக்கு அது சலுகை. அதே கனிமத்தைத் தோண்டி விற்க நினைக்கும் உள்நாட்டு நிறுவனத்துக்கு அது கூடுதல் போட்டி.

ஏழாம் படி: தொகுதிக்கு ஒரு பக்கம்

ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனிக் கோப்பு வைத்து, அதன் ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நெய்வேலியைத் தலைமையிடமாகக் கொண்ட என்எல்சி இந்தியா, சத்தீஸ்கரில் பாஸ்போரைட் (பாஸ்பேட் பாறை) தொகுதிகளை எடுத்திருக்கிறது. கோல் இந்தியா மத்தியப் பிரதேசத்தில் ஒரு கிராஃபைட் தொகுதியை எடுத்திருக்கிறது. இவை போன்ற பெரிய பொதுத்துறை நிறுவனங்களுக்குத் தாமதத்தைத் தாங்கும் பிற வருவாய் இருக்கிறது; அதே காரணத்தால், தொகுதி வெற்றி பெற்றாலும் பங்கின் விலையில் அது பெரிதாகத் தெரியாமல் போகலாம். பக்கத்தில் எழுத வேண்டியவை: உரிமத்தின் வகை, ஆய்வு நிலை, ஏலத் தொகை விழுக்காடு, எத்தனையாவது முயற்சி, வன நில விழுக்காடு, பாதுகாக்கப்பட்ட பகுதிகளிலிருந்து தொலைவு, உத்தேசக் கடிதத்தின் தேதி, அனுமதி விண்ணப்ப எண். இவற்றில் நிரப்ப முடியாத இடங்கள் எத்தனை என்பதே ஒரு தகவல்.

நிறுவனம் சொல்லும் உற்பத்தி ஆண்டை ஒரு நிரலிலும், மேற்கண்ட படிகளின்படி நீங்கள் கணக்கிட்ட ஆண்டை அடுத்த நிரலிலும் எழுதுங்கள். இடைவெளி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருந்தால், உங்கள் ஆண்டை வைத்தே மதிப்பிடுங்கள். அப்போதும் விலை நியாயமாகத் தோன்றினால் மட்டும் அடுத்ததை யோசிக்கலாம். பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் முக்கிய நிகழ்வுகளைப் பங்குச்சந்தைக்கு உடனுக்குடன் தெரிவிக்க வேண்டும் என்பது பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதி. நிறுவனத்துக்குள் நிகழ்வதற்கு 12 மணி நேரம், வெளியிலிருந்து வருவதற்கு 24 மணி நேரம் என்ற வரம்பும் உண்டு. எனினும் நடக்காமல் போன விஷயத்துக்கு அறிவிப்பு வராது. உத்தேசக் கடிதம் வராமலே ஓராண்டு கடந்துவிட்டது என்பதை யாரும் உங்களுக்கு எழுதி அனுப்பமாட்டார்கள்; அந்தப் பக்கத்தைப் புரட்டும்போது நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். காலாண்டுக்கு ஒருமுறை புரட்டினால் போதுமானது.

ஆண்டுப் பொதுக்கூட்டங்கள் இப்போது பெரும்பாலும் காணொளி வழியாக நடப்பதால், ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவரும் முன்பதிவு செய்து கேள்வி கேட்க முடியும். அங்கே "சுரங்கம் எப்போது தொடங்கும்?" என்று கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். இத்தொகுதிக்கு உத்தேசக் கடிதம் கிடைத்த தேதி எது, தரவு திரட்டும் பருவம் முடிந்துவிட்டதா, முதல் கட்ட வன ஒப்புதலின் நிபந்தனைகளில் நிறைவேறாதவை எவை, இடைக்காலக் கெடு தவறியதற்காக இதுவரை அபராதம் செலுத்தப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். கேட்ட கேள்வியையும் கிடைத்த பதிலையும் அந்தத் தொகுதியின் பக்கத்திலேயே தேதியுடன் எழுதி வையுங்கள், அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் அதிலிருந்தே தொடங்கலாம்.